பழகிடும்

கல்யாணமாகி நான் மணலிக்கு வந்தது 2010 தை மாதத்தில். பொன்னேரிப் பக்கம் வயலும் வரப்புமாக வளர்ந்தவள் நான். வந்த முதல் வாரத்தில் ஒரு நாள் நள்ளிரவில் மூக்கைத் துளைக்கும் வாசனை வந்து விழித்துக்கொண்டேன். அழுகிய முட்டையையும் மண்ணெண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சியது போல இருந்தது. கேஸ் கசிகிறதோ என்று பயந்து, இருட்டில் தடவிக்கொண்டே போய் சிலிண்டரைத் திருகி மூடினேன். சத்தம் கேட்டு அத்தை எழுந்து வந்தார்.

“அடுப்பு இல்லம்மா. இது ஊர் வாசனை. ரெண்டு மாசத்துல பழகிடும்.”

பழகிவிட்டது. 1960-களில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வந்ததிலிருந்து இந்த ஊர் பழகிக்கொண்டுதான் இருக்கிறது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலைப் போட்டபோது அதில் மணலியும் இருந்தது. எங்கள் தெருவில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மூக்குக்குப் பழகியது வாய்க்கும் பழகிவிடுகிறது.

அதே வார்த்தையை நான்கு வருடம் கழித்து ஒரு மடிக்கணினி விஷயத்தில் கேட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்த மடிக்கணினி என் நாத்தனாருடையது. பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அவள் கைக்கு 2012-ல் வந்தது. படிக்க விடுதிக்குப் போனபோது, “அண்ணி, நீங்க வெச்சுக்கோங்க, உங்களுக்குத்தான் டைப்பிங் தெரியும்” என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கல்யாணத்துக்கு முன் நான் தமிழ்த் தட்டச்சில் லோயரும் ஹையரும் பாஸ் செய்திருந்தேன். இந்த வீட்டில் அந்தச் சான்றிதழுக்கு ஒரு பயன் வந்தது அன்றைக்குத்தான்.

அதற்குள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி அந்தப் பக்கம் சீக்கிரமே படுத்துவிட்டது. மற்றொன்று பாஸ் லினக்ஸ். ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம். சென்னையில் இருக்கும் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்துச் செய்தது. பல மாணவர்கள் அந்தப் பக்கமே போனதில்லை. எனக்கு வேறு வழி இல்லை, அதனால் போனேன். மேலே ஒரு பட்டை, அதில் பயன்பாடுகளுக்கு ஒரு மெனு, கீழே திறந்திருக்கும் சன்னல்களின் வரிசை, நடுவில் நான் வைத்த கோப்புகள். தமிழுக்கு கன்ட்ரோலையும் ஸ்பேஸையும் அழுத்தினால் போதும். தட்டச்சு வகுப்பில் படித்த அதே விசைப்பலகை வரும். என் விரல்கள் எட்டு வருடத்துக்கு முன் கற்றது எதையும் மறக்கவில்லை.

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் பதினான்கு பேர். மீன் விற்பவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், இட்லிக் கடை போட்டவர், கான்ட்ராக்ட் தொழிலாளர்களின் மனைவிமார். சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் என்று மூன்று நோட்டுகளில் இருந்ததை நான் கணினியில் ஏற்றினேன். இரண்டு வருடக் கணக்கு. யார் எவ்வளவு போட்டார், யார் எவ்வளவு எடுத்தார், வட்டி எவ்வளவு என்பதெல்லாம் ஒரு கோப்பில். அது திரையின் இடது ஓரத்தில், முதல் வரிசையில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு திறப்பேன்.

2014-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பொறியியல் படித்த என் கொழுந்தன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்: “அண்ணி, உங்க சிஸ்டம் ரொம்பப் பழசா இருக்கு. புதுசு போட்டுட்டேன். சூப்பரா இருக்கும் பாருங்க.” கை முழுக்க செதில். என்ன புதுசு என்று கேட்கக்கூட நேரமில்லை. சரிப்பா என்றேன்.

மறுநாள் இரவு பாத்திரம் கழுவி முடித்து மடிக்கணினியைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை காலை வங்கியில் கடனுக்கான கணக்குத் தாள்களைக் கொடுக்க வேண்டும். திரையில் ஒரு படம் மட்டும் இருந்தது. கோப்புகள் இல்லை. மெனு இல்லை. கீழே பட்டை இல்லை. ஏதோ ஒரு மூலையில் சுட்டி பட்டதும் எல்லாம் சுருங்கிப் பறந்தது. பயந்து கையை எடுத்தேன். எப்படியோ ஒரு சன்னலைத் திறந்தால் அதைச் சிறிதாக்கும் பொத்தான் இல்லை. கன்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்தினால் தமிழ் வரவில்லை.

முதலில் நினைத்தது கணக்கைத்தான். பதினான்கு பெண்களின் பணம். நோட்டில் எழுதுவதை ஆறு மாதத்துக்கு முன்பே நிறுத்தியிருந்தோம். “கம்ப்யூட்டர்ல இருக்கு, இனி நோட்டு எதுக்கு” என்று சொன்னவளே நான்தான். வயிற்றைப் பிசைந்தது. கொழுந்தனை எழுப்பினேன்.

அவன் தூக்கக் கலக்கத்தில் இரண்டு விசையை அழுத்தினான். கோப்பு வந்தது. “எல்லாம் இங்கதான் அண்ணி இருக்கு. டெஸ்க்டாப்புல காட்டாது, அவ்ளோதான். இதுதான் இப்போ மாடர்ன். ரெண்டு நாள்ல பழகிடும்.”

கோப்பு எங்கேயும் போகவில்லை. அதைப் பார்க்கிற இடத்தைத்தான் எடுத்துவிட்டார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபம் கணினி மேல் இல்லை, ‘பழகிடும்’ மேல்.

என்னைப் போல் தவித்தவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். லினக்ஸில் நாம் பார்க்கிற மேசைத்திரையை இயங்குதளத்திலிருந்து தனியாகவே ஒரு குழு செய்கிறது. அப்படிப்பட்ட மேசைத்திரைகளில் க்னோம் முக்கியமானது. 1997-ல் மெக்சிகோவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் தொடங்கியது. அதன் மூன்றாம் பதிப்பு 2011 ஏப்ரலில் வந்தபோது சன்னலைச் சிறிதாக்கும் பொத்தானும் கீழ்ப்பட்டையும் போயின. கணினியை அணைக்கும் கட்டளைகூட ஆல்ட் விசையை அழுத்தினால்தான் மெனுவில் தெரிந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கடுமையாகத் திட்டிவிட்டு வேறு மேசைத்திரைக்கு மாறினார். பிறகு நீட்டிப்புகளைப் போட்டுச் சரிசெய்துகொண்டு திரும்பியும் வந்தார். அவருடைய எரிச்சல் செய்தியானது. என்னைப் போன்றவளின் எரிச்சலுக்கு “அண்ணிக்குப் புரியல” என்று பெயர்.

ஒரு ஆணுக்கு வேலை தடைப்பட்டால் கருவியில் குறை. ஒரு பெண்ணுக்குத் தடைப்பட்டால் அவள் தலையில் குறை. மிக்ஸி ஓடாவிட்டால் “என்ன பண்ணித் தொலைச்ச?” என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வியும் என்னை உறுத்தியது. இலவசமாக வந்ததைக் குறை சொல்லலாமா? மடிக்கணினியும் இலவசம், மென்பொருளும் இலவசம். ரேஷன் கடையில் அரிசியில் கல் இருக்கிறது என்று சொன்னால் “சும்மா குடுக்குறதுக்கு இது போதாதா” என்று வரிசையில் நிற்பவர்களே சொல்வார்கள். ஆனால் தமிழில் இந்த மென்பொருளுக்கு ‘இலவச மென்பொருள்’ என்று பெயர் வைக்கவில்லை, ‘கட்டற்ற மென்பொருள்’ என்று வைத்திருக்கிறார்கள். விரும்பியபடி பயன்படுத்தலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். பிடிக்காவிட்டால் பழைய நிரலை எடுத்து நீங்களே தொடரலாம். அப்படித்தான் 2011-ல் அர்ஜென்டினாவில் ஒருவர் க்னோமின் பழைய பதிப்பை எடுத்துத் தொடர ஆரம்பித்தார். தென் அமெரிக்கப் பானம் ஒன்றின் பெயரால் அது மாத்தே ஆனது. இன்றும் இருக்கிறது.

உரிமை இருக்கிறது, சரி. தமிழ்நாட்டில் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-லேயே சட்டம் வந்தது. என் அம்மா தன் அண்ணன்களிடம் கேட்டதில்லை. கேட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும் என்று அவருக்குத் தெரியும். தாளில் இருக்கும் உரிமையைக் கையில் எடுக்க நேரம் வேண்டும், தைரியம் வேண்டும், சொல்லித் தர ஆள் வேண்டும். நிரலை மாற்றும் உரிமை எனக்கு உண்டு. இரவு பத்தரைக்குப் பாத்திரம் கழுவி முடிப்பவளுக்கு அது எந்த மணி நேரத்தில் கிடைக்கும்?

நிரல் எழுதுகிற இடத்தில் பெண்கள் எத்தனை பேர் என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். 2006-ல் கூகுளின் கோடைக்காலத் திட்டத்தில் க்னோமுக்கு வேலை செய்ய 181 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. அந்தக் குழு அதை “பெண்களுக்கு ஆர்வமில்லை” என்று விட்டுவிடவில்லை. பெண்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டத்தை அறிவித்தது. ஆறு இடங்களுக்கு நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். 2010-ல் மறுபடி தொடங்கிய அந்த முயற்சிதான் பிறகு அவுட்ரீச்சி என்று வளர்ந்தது. கூப்பிட்டால் வருகிறார்கள். நூறு பெண்களும் அதுவரை எங்கே இருந்தார்கள் என்று கேட்டால், வாசலுக்கு வெளியேதான். எங்களை யாரும் கூப்பிடவில்லை.

புதியது எல்லாமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. தேடும் பெட்டியில் நான்கு எழுத்து அடித்தால் கோப்பு வருவது நல்ல வசதி. எழுத்தைப் பெரிதாக்குவதும் சுலபம். ஆனால் ஏன் மாற்றினீர்கள், பழையது வேண்டுமானால் எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

அதைச் சொன்னது அத்தைதான். செவ்வாய்க்கிழமை காலை, கொழுந்தன் எழுதித் தந்த குறிப்பை வைத்துக்கொண்டு தாள்களை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்ற சாலையைக் கடந்து, வங்கிக்கும் போய்விட்டு, வியர்த்து வந்து உட்கார்ந்தேன். அத்தை மகனிடம் கேட்டார்: “ஏன்டா, என் அடுப்படியில மொளகாத்தூள் டப்பாவ நான் இல்லாதப்ப இடம் மாத்தி வெப்பியா? மாத்திட்டு, பழகிடும்னு சொல்லுவியா? அது அவ அடுப்படிடா.”

எனக்கு நாலு வருடத்துக்கு முந்தைய இரவு ஞாபகம் வந்தது. அத்தைக்கும் வந்திருக்க வேண்டும். என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு மூன்று இரவு, தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். உள்நுழையும் திரையில் பல்சக்கரம் மாதிரி ஒரு சின்னம் இருந்தது. அதை அழுத்தினால் ‘கிளாசிக்’ என்று ஒரு தேர்வு. அதில் மெனுவும் கீழ்ப்பட்டையும் திரும்பி வந்தன. என் கோப்புகளும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. அமைப்புகளுக்குள் போய் தமிழ்த் தட்டச்சு விசைப்பலகையைச் சேர்த்தேன். மொழி மாற்ற இனி கன்ட்ரோலுக்குப் பதில் சூப்பர் விசை என்று கண்டுபிடித்தேன். மொத்தம் ஆறு மணி நேரம். இந்த ஆறு மணி நேரம் எந்தக் கணக்கிலும் வராது. ‘பழகுவது’ என்று நாம் சொல்வது இதைத்தான். அது தானாக நடப்பதில்லை. யாரோ ஒருத்தி தூக்கத்தை விட்டுச் செய்கிற வேலை அது. மாமியார் வீட்டில் உப்பு டப்பா எங்கே, யாருக்கு எவ்வளவு காரம், எந்த நேரத்தில் பேசக் கூடாது என்று கற்றுக்கொண்ட ஒவ்வொருத்தியும் அந்த வேலையைச் செய்திருக்கிறாள். அதற்குக் கூலி கேட்டால் சிரிப்பார்கள். குறைந்தபட்சம் அது வேலை என்றாவது ஒப்புக்கொள்ளட்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. மீன் விற்கும் அக்கா மட்டும், “அப்ப நோட்டும் இருக்கட்டும்” என்றார். இருக்கட்டும் என்று தீர்மானம் எழுதினோம். கணக்குக் கோப்பின் பிரதி ஒன்று பென் டிரைவில் தலைவியிடம் இருக்கும். இன்னும் இரண்டு பேருக்கு நான் கணினி சொல்லித் தருவது என்றும் முடிவானது. சொல்லித் தந்தபோது ஒன்றைக் கவனமாகத் தவிர்த்தேன். “சுட்டி எங்க ஓடுதுன்னே தெரியல, இது எனக்கு வராது” என்று ஒருவர் கையை எடுத்தபோது, பழகிடும் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, “எந்த இடத்துல சிக்குது, காட்டுங்க” என்றேன். அவர் காட்டினார். எழுத்து பொடியாக இருந்தது, அவ்வளவுதான்.

கொழுந்தன் அடுத்த வருடம் வேலை கிடைத்துப் போவதற்கு முன் மறுபடி வந்து நின்றான்.

“அண்ணி, புது வெர்ஷன் வந்திருக்கு. போடட்டுமா?”

“மாசக் கணக்கு முடியட்டும். புதன்கிழமை வா. பக்கத்துல உக்காந்து போடு, நானும் பாக்கணும்.”

சரி அண்ணி என்றான். அன்றிரவும் அந்த வாசனை வந்தது. எழுந்து போய் சன்னலைச் சாத்தினேன். பக்கத்து வீட்டிலும் சாத்துகிற சத்தம் கேட்டது.