அமுக்கி வைத்த புகையிலை

நண்பர் சரக்குக் கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுச் சமையல் மேடையில் ஒரு சதுர எவர்சில்வர் டிபன் டப்பா. அதற்குள் அளவாக அறுத்த தேக்குக் கட்டை, கட்டையின் தலையில் திருகி இறுக்கும் ஒரு சி கிளாம்ப். அடியில் பட்டர் பேப்பருக்குள் பைப் புகையிலை நசுங்கிக் கிடக்கிறது.

இலையை இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பதப்படுத்துகிறார். ஈரம் கூடினால் பூஞ்சணம். குறைந்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். இலை அமுங்க அமுங்கத் திருகு தளர்வதால் தினமும் கொஞ்சம் இறுக்கவேண்டும். சில வாரம் கழித்து டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினால் கறுத்த கட்டி ஒன்று விழுகிறது. சீவிய முகத்தில் பழைய புத்தகத்தின் விளிம்பு மாதிரி வரி வரியாக இலைகள். "முறுக்கு நாழியில் முயன்று பாருங்களேன்" என்றேன். "அது பிழியும் சார், நமக்கு வேண்டியது அமுக்கம்" என்றார்.

நறுக்கிய புகையிலை கடையில் கிடைக்கும்போது ஏன் இந்தப் பாடு? இறுகிய இலையில் காற்றுப் புகாது, நிதானமாக எரியும் என்கிறார். எனக்கென்னவோ, தினம் காலையில் திருகை ஒரு சுற்றுச் சுற்றும் சுகத்துக்காகத்தான் என்று படுகிறது. பழைய பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளும் இந்த வியாதிக்காரர்கள்தாம். நரம்பு கிழித்த இலையில் ரம் தெளித்து, கித்தான் துணியில் சுருட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி மாதக்கணக்கில் போட்டுவைப்பார்கள். அமெரிக்காவின் லூசியானாவில் பெரிக் என்ற இலையை விஸ்கி பீப்பாயில் திணித்து, திருகு ஜாக்கியால் அமுக்கியே ஓராண்டு போலப் புளிக்க வைக்கிறார்கள்.

இந்தப் பொறுமையெல்லாம் ஷெர்லக் ஹோம்ஸுக்குக் கிடையாது. 1887-இல் வந்த முதல் நாவலிலேயே சாம்பலைப் பார்த்து, இது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். எங்கள் ஊர் ஆங்கிலத் துப்பறியும் கதைக்குள் நுழைந்தது ஒரு கொலைகாரனின் உதட்டில் தொங்கிக்கொண்டுதான். உறையூர்க்காரனான எனக்கு இதில் வெட்கமா பெருமையா என்று இன்றும் தீரவில்லை. பிறகு ஒரு கதையில், 140 வகைச் சாம்பலைப் பற்றி ஆராய்ச்சி செய்து எழுதியவர் என்றும் வருகிறது. அப்பேர்ப்பட்ட ரசிகர், கட்டைவிரல் வெட்டுப்பட்ட பொறியாளர் வரும் கதையில், காலைப் பலகாரத்துக்கு முன்னால் எதைப் புகைக்கிறார் தெரியுமா? முந்தைய நாள் பைப்பில் எரியாமல் மிஞ்சிய அடிக்கசடுகளை! அவற்றைச் சுரண்டி, கணப்பு மாடத்தின் மூலையில் காயவைத்து, மறுநாள் ஒன்றாகத் திணித்துப் பற்றவைக்கிறார். பழையதைப் பிழிந்து சாப்பிடுகிறவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்த மாடத்தைத் துடைத்திருக்கவேண்டிய வீட்டுக்காரி ஹட்சன் அம்மாள் என்ன சொன்னார் என்று, ஹோம்ஸைப் படைத்த டாயில் அந்தக் கதையில் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆண் எழுத்தாளர்!

நண்பரின் மனைவி சொன்னதை நான் எழுதிவிடுகிறேன்: "அந்தப் பானையில் இனி இட்லி வேகாது." பானை பரணுக்குப் போய்விட்டது, டப்பாவும் தனியாக வைக்கப்பட்டது. அந்த அம்மாள் செய்ததே சரி. புகையிலை ஊறிய தண்ணீரைச் செடிக்குப் பூச்சி மருந்தாகத் தெளிக்கிறவர்கள் நாம். ஆசைப்பட்டு இந்த வேலையில் இறங்குகிறவர்கள், பாத்திரத்தை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.