மிச்சத்தை யார் பார்த்துக்கொண்டார்?

பணி ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஓய்வுநாள் பாடசாலை நடத்துகிறேன் என்பேன். பெயரில்தான் ஓய்வு இருக்கிறது. ஐந்து வயது முதல் எட்டு வயது வரை உள்ள பதினான்கு பிள்ளைகளை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள், தெரியும். முப்பத்து நான்கு வருடம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் என் செருப்புச் சத்தத்துக்கே அடங்குவார்கள். இந்தப் பாலர் வகுப்புப் பிள்ளைகளோ என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்க்கிறார்கள்.

ஓய்வுநாள் பாடசாலை நம் ஊரில் பிறந்தது அல்ல. இங்கிலாந்தில் குளோஸ்டர் என்ற ஊரில் 1780ஆம் ஆண்டு ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் இதை நடத்தத் தொடங்கினார். வாரம் முழுவதும் தொழிற்சாலையில் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. அந்த நாளில் அவர்களை உட்கார வைத்து எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டி வளர்ந்த நம் தலைமுறைக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பகுதிக்கு இந்த விசுவாசம் வந்த கதையும் எளிமையானதுதான். 1854இல் தாமஸ் ராக்லண்ட் ஐயர் வட திருநெல்வேலிக் கிராமங்களில் ஊழியம் தொடங்கினார். கட்டடம் எதுவும் கிடையாது. கூடாரம் அடித்துத் தங்குவார், பிறகு பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார். கேம்பிரிட்ஜில் கணக்கில் பெரிய தேர்ச்சி பெற்றவர் அவர். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். 1858 அக்டோபரில் சிவகாசியில் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்றுதான்.

இந்த வகுப்பு முதலில் என் வகுப்பு அல்ல. என் மனைவி இருபத்தெட்டு வருடம் நடத்தியது. அவள் போன பிறகு நான் ஆலயத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். வழக்கமாக உட்காரும் பெஞ்சில் உட்காருவேன், எல்லோரும் எழும்போது எழுவேன். ஆனால் கீர்த்தனை பாடும்போது வாய் திறக்க வராது. ஜெபம் பண்ணக் கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி வராந்தாதான் தெரியும். ஏழெட்டு மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் ஐயரம்மா வீட்டுக்கு வந்து, “அண்ணாச்சி, அக்கா வகுப்பு சும்மா கிடக்கு. கதை மட்டும் சொல்லுங்க, போதும்” என்றார்கள். கதை சொல்ல விசுவாசம் வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். அவள் வைத்திருந்த பிளானல் படப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன்.

மூன்றாவது வாரம் காணாமற்போன ஆட்டின் கதை. லூக்கா பதினைந்தாம் அதிகாரம். நூறு ஆடுகள் வைத்திருந்த ஒருவர், ஒன்று தொலைந்ததும் மற்றதை வனாந்தரத்தில் விட்டுவிட்டுத் தேடிப் போகிறார். பிளானல் துணியில் ஆடுகளை ஒட்டி, ஒன்றை மட்டும் எடுத்து முள்ளுக்குள் வைத்தேன். பிள்ளைகள் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு வயதுப் பையன் ஒருவன் மட்டும் எழுந்து நின்றான்.

“சார், மிச்சம் தொண்ணூத்தொம்பதையும் யாரு பாத்துக்கிட்டா?”

“அது பத்திரமாத்தான் இருக்கும்” என்றேன்.

“எப்படிப் பத்திரமா இருக்கும்? நரி வந்துராதா? எங்க தாத்தான்னா அப்படி விட்டுட்டுப் போக மாட்டாரு.”

அவன் தாத்தா கிடை போடுகிறவர். அறுவடை முடிந்த வயல்களில் இரவில் ஆடுகளை அடைத்து வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதற்கு நிலக்காரர் கூலி கொடுப்பார். விதைப்பு தொடங்கியதும் மலையடிவாரம் பக்கம் ஓட்டிப் போய்விடுவார்கள். நம் தேவதானம் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான்.

பையன் கேட்டது மனதிலேயே நின்றது. இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் கிடை இருந்த வயலுக்கே போய்ப் பெரியவரிடம் கேட்டேன். அவர் ஆலயத்துக்கு வருகிறவர் அல்ல. அவருக்குச் சாஸ்தாதான் தெய்வம். நான் கதையைச் சொல்லி முடித்ததும் சிரித்தார்.

“ஒண்ணு தப்பிப் போச்சுன்னா ஒருத்தன் தேடப் போவான், ஒருத்தன் கிடையில இருப்பான். கிடையில ஆள் இருக்குங்கிற தைரியத்துலதான் சார் போறவன் போறான். ஒத்தை ஆளா நூறு ஆடு மேய்க்க முடியுமா?”

வீட்டுக்கு வந்து வேதாகமத்தைத் திறந்து மறுபடியும் வாசித்தேன். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் நண்பர்களையும் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறார். ஆக, கதையில் மற்ற ஆட்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். எகிப்து, லெபனான், எருசலேம் பக்கம் நாற்பது வருடம் இருந்து கற்பித்த கென்னத் பெய்லி என்ற அறிஞரும் ஏறக்குறைய இதைத்தான் எழுதியிருக்கிறார். நூறு ஆடு என்பது அந்த நாட்டில் ஒரே ஆள் மேய்க்கிற மந்தை அல்ல, உறவினர் பலருக்குச் சொந்தமானதாக இருக்கும் என்கிறார். அவர் புத்தகத்தில் எழுதியதைப் பெரியவர் வரப்பில் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இத்தனை வருடம் இந்தக் கதையில் மேய்ப்பரையும் தொலைந்த ஆட்டையும் மட்டுமே பார்த்திருந்தேன். கிடையில் இருந்தவரைப் பார்த்ததில்லை. நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த மாதங்களில் பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தவறாமல் மணி அடித்தார். ஒரு அம்மா சனிக்கிழமைதோறும் ஆலயத்தைப் பெருக்கினார்கள். யாரும் என்னிடம் வந்து விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணவில்லை. திரும்பி வருவதற்கு ஒரு இடம் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். என் மனைவியும் இருபத்தெட்டு வருடம் செய்தது அந்த வேலைதான். அவள் பெயர் எந்த அறிக்கையிலும் வந்ததில்லை. ஞாயிறு காலை எட்டரைக்கு அவள் பாய் விரித்து வைத்திருப்பாள் என்று மட்டும் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

விசுவாசம் என்றால் என் மனதுக்குள் நான் மட்டும் அணையாமல் காக்க வேண்டிய விளக்கு என்றே எண்ணியிருந்தேன். அணைந்துவிட்டது என்ற பயமும் அதனால் வந்ததுதான். என் கை சோர்ந்த நேரத்தில் மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்பதை அந்தப் பையனின் கேள்விதான் எனக்குக் காட்டியது. ஆஸ்பத்திரி வராந்தா இன்னும் கண்ணுக்குள் வருகிறது. ஆனால் இப்போது ஜெபமும் கூடவே வருகிறது.

வயதானவர்களுக்கு ஒரு வார்த்தை. வேதம் நன்றாகத் தெரிந்தால்தான் சிறு பிள்ளைகளுக்குச் சொல்ல முடியும் என்று ஒதுங்க வேண்டாம். கதையைச் சொல்லிவிட்டு அவர்கள் கேட்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் போய்க் கேளுங்கள். அவர் வயல்காட்டில் இருந்தாலும் சரி, வேறு கோவிலுக்குப் போகிறவராக இருந்தாலும் சரி.

அந்த வருட ஓய்வுநாள் பாடசாலை விழாவில் பிள்ளைகள் இந்தக் கதையை நாடகமாகப் போட்டார்கள். மேய்ப்பன் வேஷத்துக்கு ஏக அடிதடி. அந்தப் பையன் மட்டும் போட்டிக்கு வரவில்லை. தாத்தாவின் கம்பை வாங்கி வந்து, கிடையில் இருக்கிற ஆள் நான்தான் என்று சொல்லிவிட்டான். அவனுக்கு வசனம் எதுவும் இல்லை. மேய்ப்பன் திரும்பி வரும் வரையில், ஆடுகளாகக் குனிந்திருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தான்.