கோல் காத்த வாலிபர்

கால்பந்தாட்டம் பார்க்கப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருடைய கண்கள் பந்தின் மேலேயே இருக்கும். நமக்கோ கோல் காக்கிறவரிடந்தான் மனம் போகும். பத்துப் பேர் ஓடியாட, இவர் ஒருவர் தனியே நிற்கிறார். ஒன்பது பந்துகளைப் பிடித்தாலும், விட்டுவிட்ட பத்தாவது பந்தைப் பற்றியே ஜனங்கள் வீடு போய்ச் சேரும் வரையில் பேசுவார்கள். நன்றியற்ற இந்த உத்தியோகத்தில் ஒரு தேசத்தின் அன்பையே சம்பாதித்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் தாம்ஸன்.

அவர் 1909-ம் வருஷம் பிறந்தார். வளர்ந்தது ஃபைஃப் ஜில்லாவிலுள்ள கார்டெண்டன் என்னும் நிலக்கரிக் கிராமத்தில். பதினாலாவது வயதில் தகப்பனாரைப் போலவே சுரங்கத்தில் இறங்கினார். கரி வண்டிகளைப் பிணைக்கும் சங்கிலிக் கொக்கிகளைக் கழற்றிவிடுவது வேலை. அந்த இருட்டில் விரல்களுக்கு ஏற்பட்ட பழக்கந்தான் பின்னால் பந்தைப் பற்ற உதவியதோ என்னவோ! 1926-ல் கிளாஸ்கோ நகரத்துச் செல்டிக் சங்கத்தார் பத்துப் பவுன் கொடுத்து அவரைச் சேர்த்துக் கொண்டார்கள். (பின்னர் 1936-ல் கல்கத்தா முகம்மது ஸலீம் பூட்ஸ் இல்லாமல் ஆடி வெள்ளைக்காரர்களை வியக்க வைத்தது இந்தச் சங்கத்துக்காகத்தான்.) அடுத்த வருஷமே, பதினெட்டு வயதில், ஸ்காட்டிஷ் கோப்பையை வென்ற கோஷ்டியில் தாம்ஸன் இருந்தார்.

ஆகிருதி பெரிதல்ல. தைரியந்தான் பெரிது. எதிரி பந்துடன் நெருங்கி வந்துவிட்டால், கோலிலேயே நின்று காத்திராமல், அவன் காலடியில் தலை முன்னாகப் பாய்ந்து பந்தை அள்ளுவார். 1930-ம் வருஷம் பிப்ரவரியில் இப்படிப் பாய்ந்ததில் தாடை எலும்பு முறிந்தது, விலா எலும்புகளுக்கும் சேதம், பற்களும் போயின. போதுமப்பா இந்த ஆட்டம் என்று தாயார் மன்றாடினார். எந்தத் தாயார்தான் மன்றாட மாட்டார்? பிள்ளை கேட்கவில்லை. ஸ்காட்லாந்து தேசத்துக்காக அவர் ஆடிய நான்கு ஆட்டங்களில் எதிரிகள் போட்ட கோல் ஒன்றே ஒன்று.

1931-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி, கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் மைதானத்தில் ரேஞ்சர்ஸுடன் ஆட்டம். ரேஞ்சர்ஸ் பக்கம் பிராடெஸ்டண்டுகள். செல்டிக் பக்கம் கத்தோலிக்கர்கள். தாம்ஸனோ செல்டிக்கில் ஆடிய பிராடெஸ்டண்டு! சுமார் 80,000 ஜனங்கள். பிற்பாதி ஆட்டம் தொடங்கிய சற்றைக்கெல்லாம் ரேஞ்சர்ஸின் ஸாம் இங்கிலிஷ் பந்துடன் விரைந்து வந்தார். பெயர்தான் இங்கிலிஷ், ஆள் ஐரிஷ்காரர், 23 வயது. தாம்ஸன் வழக்கம்போல் பாய்ந்தார். தலை, ஓடிவந்தவரின் முழங்காலில் மோதியது. கோல் விழவில்லை. தாம்ஸன் எழுந்திருக்கவுமில்லை. விபரீதத்தை முதலில் உணர்ந்து உதவிக்குக் கையசைத்தவர் இங்கிலிஷே. விஷயம் புரியாமல் ஆரவாரித்த தம் கட்சி ஜனங்களை ரேஞ்சர்ஸ் தலைவர் மீக்கிள்ஜான் கையை உயர்த்தி அடக்கினார். மண்டை ஓடு பிளந்திருந்தது. அன்றிரவே ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 22.

கார்டெண்டனில் சவ அடக்கத்துக்குக் கூடியவர்கள் 30,000 பேருக்கு மேல். ரயில் சத்தத்துக்கு வழியில்லாத தொழிலாளிகள் பலர், கிளாஸ்கோவிலிருந்து ஐம்பது மைலுக்கு மேல் நடந்தே வந்தார்கள்.

அன்று எடுத்த சலனப்படம் இருக்கிறது. நாம் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அதில் துவேஷம் எங்கும் நமக்குத் தென்படவில்லை. இரண்டு வாலிபர்கள் ஒரே பந்துக்காக ஓடினார்கள், அவ்வளவுதான். விசாரணையிலும் விபத்தென்றே முடிவாயிற்று. பெற்றோரும் அவ்வாறே ஏற்றுக் கொண்டார்கள். ஆனால் செல்டிக்கின் நிர்வாகி மேலி, அது விபத்தாகவே இருக்க வேண்டுமென்று விரும்புவதாகவும், ஆயினும் அபிப்பிராயம் சொல்லும் அளவுக்குத் தாம் பார்க்கவில்லை என்றும் வார்த்தையை அளந்து சொன்னார். மகனைப் பறிகொடுத்தவர்களுக்கு இருந்த தாராளம் அவருக்கு இருந்திருக்கக் கூடாதா?

மைதானங்களில் இங்கிலிஷைக் கொலைகாரன் என்று கூவினார்கள். அந்தப் பருவத்தில் லீக் ஆட்டங்களில் அவர் போட்ட 44 கோல்கள் ரேஞ்சர்ஸ் சரித்திரத்தில் இன்னும் முறியடிக்கப்படவில்லை. அப்படியும் கூச்சல் ஓயவில்லை. லிவர்பூலுக்குப் போனார், அங்கும் தொடர்ந்தது. 1938-ல், முப்பது வயது நிறைவதற்குள், ஆட்டத்தை விட்டு விலகினார். விபத்துக்குப் பின் ஆடிய ஏழு வருஷங்களிலும் தமக்கு ஆட்டத்தில் சந்தோஷமே இருக்கவில்லை என்று சிநேகிதர் ஒருவரிடம் சொன்னாராம்.