பேரனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே கச்சான் பட்டர்

எங்கள் வீட்டில் சாப்பாட்டு விஷயத்தில் எப்போதும் இரண்டு கட்சி. ஒரு பக்கம் நாலு வயதுப் பேரன். மாதாமாதம் கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தால், அவனுடைய பதிவேட்டில் நிறைக் கோடு செம்மஞ்சள் பகுதிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மறுபக்கம் என் வீட்டுக்காரர். எட்டு வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். ஒருவருக்கு நிறை ஏற வேண்டும், மற்றவருக்குச் சீனி ஏறக் கூடாது. மருமகள் விடியற்காலையில் பால் வெட்டப் போய்விடுவாள். காலைச் சாப்பாடு என் பொறுப்பு. இரண்டு பேருக்கும் இரண்டு விதமாகச் சமைக்க நேரமும் இல்லை, காசும் இல்லை.

குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்த என் நாத்தனார் ஒரு பெரிய போத்தல் பீனட் பட்டர் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் அதற்குக் கச்சான் பட்டர் என்று பெயர். ரொட்டியில் பூசிக் கொடுத்ததும் பேரன் முழு ரொட்டியும் சாப்பிட்டான். "அப்பாயி, இன்னும் கொஞ்சம்" என்று அவன் கேட்டது எங்களுக்கெல்லாம் புதினம். தாத்தாவுக்கும் ஆசை வந்தது. நாத்தனாருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். கச்சான், சீனி, கெட்டியாக்கிய எண்ணெய், உப்பு என்று வாசித்துச் சொன்னார். இரண்டாவது பெயரே சீனி. தாத்தாவின் ஆசை அன்றோடு நின்றது.

அந்தப் போத்தல் முடிந்தபிறகு யட்டியாந்தோட்டை டவுனில் தேடினோம். மூன்று விதமான போத்தல்கள் கிடைத்தன. கடைக்காரத் தம்பியின் அனுமதியோடு மூன்றையும் வரிசையாக வைத்து வாசித்துப் பார்த்தோம். நான் அறிந்துகொண்டவை உங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எது நிறையில் கூடுதலோ அதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும். கச்சான், உப்பு என்று இரண்டே பெயர் இருந்தால் நல்லது. சீனியும் எண்ணெயும் முன்னுக்கு வர வர, நாம் கச்சானுக்குக் கொடுக்கும் காசில் சீனியும் எண்ணெயும் வாங்குகிறோம் என்று அர்த்தம்.

இரண்டாவது, எண்ணெய். அரைத்த கச்சானை வைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும், விழுது கீழே இறுகும். அது கெட்டுப்போனதற்கு அடையாளமல்ல, கச்சானின் இயல்பு. கரண்டியால் கலக்கினால் சரியாகிவிடும். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்க்கத்தான் கம்பனிகள் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய எண்ணெயையோ பாம் எண்ணெயையோ சேர்க்கின்றன. நம் மாவட்டத்தில் இறப்பர் நின்ற சில மலைகளில் நட்டிருக்கும் கட்டுப்பொல்லின் எண்ணெய்தான் பாம் எண்ணெய். அது இதயத்துக்கு அவ்வளவு நல்லதல்லாத நிறைந்த கொழுப்பைக் கொண்டது. அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் அதைவிடக் கெட்டது. அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பை 2023ஆம் ஆண்டுக்குள் உணவிலிருந்து ஒழிக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. கச்சானில் தன்னிடமே பாதியளவு எண்ணெய் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டும் தேவையில்லை.

மூன்றாவது, "கொழுப்பு குறைத்தது" என்ற சொல். சீனி வருத்தக்காரருக்கு இது நல்லதென்று நினைக்கத் தோன்றும். ஆனால் எடுத்த கொழுப்பின் இடத்தை நிரப்ப அநேகமாகச் சீனியையும் மாச்சத்தையும்தான் போடுகிறார்கள். சக்தியின் அளவு பெரிதாகக் குறைவதுமில்லை. கச்சானின் கொழுப்பில் பெரும்பகுதி உடலுக்கு நல்ல வகைதான். நம் நாட்டில் திண்ம உணவுகளுக்கு 2019இல் கொண்டுவந்த சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் போத்தலில் இருந்தால், கொழுப்பு சிவப்பாக இருப்பதைக் கண்டு பயந்துவிடாதீர்கள். சீனியும் உப்பும் என்ன நிறம் என்று பாருங்கள்.

கச்சான் பட்டரில் எவ்வளவு கச்சான் இருக்க வேண்டும்? சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்காக அமெரிக்காவில் பன்னிரண்டு வருடம் இழுபறி நடந்தது. 1959இல் அந்நாட்டு அரசாங்கம் 95 வீதம் கச்சான் இருக்க வேண்டுமென்றது. கம்பனிகள் 87 வீதம் போதுமென்றன. 1965இல் தொடங்கிய விசாரணையில் கம்பனிகளின் வழக்கறிஞர்களுக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவர்களில் ரூத் டெஸ்மண்ட் என்ற இல்லத்தரசியும் ஒருவர். அவர் இல்லத்தரசிகளைச் சேர்த்துச் சங்கம் அமைத்தவர். கடைசியில் 90 வீதம் என்ற சட்டம் 1971இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குக் குறைந்தால் அங்கே "பட்டர்" என்று பெயர் போட முடியாது, "ஸ்பிரெட்" என்றுதான் போட வேண்டும். சமையலறையில் நிற்கும் பெண் கேட்ட கேள்விக்கு ஒரு நாட்டின் சட்டமே பதில் சொன்னது. ஆகவே கடையில் நின்று போத்தலைத் திருப்பிப் பார்க்க நாம் வெட்கப்படத் தேவையில்லை.

டவுனில் பார்த்த மூன்றில் இரண்டில் சீனியும் எண்ணெயும் இருந்தன. கச்சானும் உப்பும் மட்டுமே இருந்த மூன்றாவதன் விலை, ஒரு பேர் சம்பளத்தில் பெரும்பகுதி. அந்தக் காசுக்குப் பச்சைக் கச்சானாக வாங்கினால் மூன்று நாலு போத்தலுக்குக் காணும். ஆகவே வீட்டிலேயே செய்கிறோம்.

கால் கிலோ கச்சானை முதலில் சுளகில் கொட்டிப் பொறுக்க வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சம் வரையான வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. அவற்றுக்குப் போட்ட கச்சான் புண்ணாக்கில் இருந்த பூசணத்தின் நஞ்சே காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அஃப்லாடொக்சின் என்ற அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. நம் பக்கத்து மழைக்கும் ஈரத்துக்கும் கச்சான் சீக்கிரம் பூசணம் பிடிக்கும் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டின்னில் வைப்பதே புத்தி. வாயில் போட்ட கச்சான் கசந்தால் துப்பிவிடுங்கள்.

அடுத்தது வறுப்பு. ருசியின் இரகசியமே இதில்தான் இருக்கிறது. கடைச் சரக்கில் சீனி கொடுக்கும் ருசியை வீட்டில் நெருப்புக் கொடுக்கும். தாச்சியைச் சிறு நெருப்பில் வைத்து, கை விடாமல் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் கிளறுங்கள். உள்ளே பருப்பு பொன்னிறமாகி, வாசம் பக்கத்து வீட்டுக்குப் போகும்போது இறக்கலாம். அவசரப்பட்டால் வெளியே கருகும், உள்ளே பச்சை வாடை அடிக்கும். சூடு ஆறியதும் கையால் தேய்த்துத் தோலைப் புடைத்துவிட்டு, கால் தேக்கரண்டி உப்புச் சேர்த்து அரைக்க வேண்டும். முதலில் மாவாகும், பிறகு கட்டியாக உருளும். அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றத் தோன்றும், ஊற்ற வேண்டாம். கிரைண்டர் சூடானால் நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி அரைத்தால் கச்சானின் சொந்த எண்ணெயே கசிந்து விழுது இளகிவரும். கரண்ட் இல்லாத நாளில் உரலில் இடித்து அம்மியில் அரைத்திருக்கிறேன். கொஞ்சம் நறநறவென்று இருந்தது. பேரனுக்கு அதுதான் கூடப் பிடித்தது.

இனிப்பைப் போத்தலுக்குள் போடுவதில்லை என்பதை எங்கள் வீட்டுச் சட்டமாக்கிக்கொண்டோம். அதைத் தட்டில் வைக்கிறோம். பேரனின் ரொட்டியில் விழுதைப் பூசி, மேலே புளிவாழைப்பழத்தை நறுக்கி வைப்பேன். சில நாட்களில் அரைத் தேக்கரண்டி கித்துல் பாணி. கித்துல் பாணியும் சீனிதான், சீனி வருத்தக்காரருக்கு அது மருந்தல்ல. ஆகவே தாத்தாவின் ரொட்டியில் அதே விழுதோடு நறுக்கிய பச்சை மிளகாயும் இரண்டு சொட்டுத் தேசிக்காய்ப் புளியும். சம்பல் மாதிரி இருக்கிறதென்று சொல்லி விரும்பிச் சாப்பிடுகிறார். பாணியை மொத்தமாகப் போத்தலில் கலந்தால் விழுதும் இறுகிப்போகும், தாத்தாவும் சாப்பிட முடியாது.

அளவும் முக்கியம். ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 95 கலோரி இருக்கிறது. தாத்தாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி, அதுவும் மாஜரினுக்குப் பதிலாகத்தான், அதற்கு மேலதிகமாக அல்ல. பேரனுக்கு இரண்டு கரண்டி கொடுத்தாலும் மகிழ்ச்சிதான்.

கச்சான் பித்தம், பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. நூறு கிராம் கச்சானில் 25 கிராம் அளவு புரதம் இருக்கிறது. கடுமையாக மெலிந்த பிள்ளைகளுக்காக 1990களில் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் அந்திரே பிரியாண்ட் உருவாக்கிய மருந்துணவும் கச்சான் விழுதில், பால்மா, சீனி, எண்ணெய், விற்றமின்கள் சேர்த்துச் செய்ததுதான். 2016இல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர், தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32 பேர். நம் லயங்களில் ரொட்டியும் சாயத்தண்ணியும் மட்டுமே காலைச் சாப்பாடாகும் நாட்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும். அந்த ரொட்டியில் ஒரு கரண்டி கச்சான் சேர்வது சின்ன விஷயமல்ல.

ஆனால் சில எச்சரிக்கைகள். நாம் வீட்டில் அரைப்பது அந்த மருந்துணவாகாது. நிறைக் கோடு சிவப்பில் இருக்கும் பிள்ளையைக் கட்டாயம் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். சில பிள்ளைகளுக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. முதல்முறை நுனிக் கரண்டி கொடுத்துப் பாருங்கள். உடம்பு தடித்தாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும். விழுதையும் கட்டியாக ஊட்டாமல் கஞ்சியில் கரைத்துக் கொடுங்கள்.

இப்போது மாதத்துக்கு இரண்டு தடவை கச்சான் வறுக்கிறேன். காய்ந்த போத்தலில் போட்டு, காய்ந்த கரண்டியால் எடுத்தால் இரண்டு கிழமை தாங்கும். சென்ற மாதக் கிளினிக்கில் பேரனுக்கு முந்நூறு கிராம் கூடியிருந்தது. கச்சானால் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், முட்டையும் பருப்பும் சேர்த்துத்தான் கொடுத்தோம். ஆனால் அவன் ரொட்டியை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது கச்சானால்தான். உங்கள் வீட்டிலும் ஒரு கால் கிலோவோடு தொடங்கிப் பாருங்கள், சகோதரிகளே. கடையில் வாங்குவதென்றால், காசு கொடுக்கும் முன் போத்தலைத் திருப்பி ஒருமுறை வாசித்துவிடுங்கள்.