வாடையைக் குற்றம் சொன்னேன், நோயைக் கோட்டை விட்டேன்!

போன தை மாதம் சந்தையில் ஒரு புதுக் கிடா வாங்கிப் பட்டியில் விட்டேன். இரண்டு மாதம் கழித்து, நான்கு மாதச் சினையாக இருந்த இரண்டு ஆடுகள் குட்டி வீசின.

விலங்கியல் படிக்கும் என் மகள், "புது ஆண் எலியோட வாடை பட்டாலே பெட்டைக்குக் கரு தங்காதுப்பா" என்று எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. கிடாதான் காரணம் என்று முடிவு கட்டி, அதைச் சந்தையில் விற்றுவிட்டேன். அதன் பிறகும் மூன்று ஆடுகள் வீசின. அப்போதுதான் கால்நடை மருத்துவரிடம் ஓடினேன்.

"மகள் சொன்னது சரிதான். ஆனா, அது சுண்டெலிக்கு" என்றார் அவர். 1959-ல் ஹில்டா புரூஸ் என்ற இங்கிலாந்து ஆய்வாளர் கண்டறிந்த விஷயமாம். அந்நிய ஆணின் சிறுநீரில் உள்ள வாடைப் பொருளை, பெட்டையின் மூக்கினுள் இருக்கும் தனி உறுப்பு ஒன்று உணர்கிறது. செய்தி நரம்பு வழியாக மூளையின் அடிப்பகுதிக்குப் போகிறது. அங்கே டோபமின் கூடி, புரோலாக்டின் ஹார்மோன் குறைகிறது. அதனால் கருவைக் காக்கும் புரோஜெஸ்டிரோனும் சரிய, கரு தங்குவதில்லை. இணைந்த ஆணின் வாடையைப் பெட்டை நினைவில் வைத்திருப்பதால், அதனால் பாதிப்பில்லை.

"இதெல்லாம் கரு கருப்பையில் ஒட்டுறதுக்கு முந்தின சில நாள்லதான் நடக்கும். கிடா வந்தப்பவே உங்க ஆடுகளுக்கு ரெண்டு மாசச் சினை. ஆட்டுல கிடா வாடை வேற வேலை செய்யும். கொஞ்ச நாள் பிரிச்சு வெச்சுட்டுத் திரும்ப விட்டா, பெட்டைகள் பருவத்துக்கு வரும். கடைசி மாசங்கள்ல அடுத்தடுத்து வீசினா, முதல்ல தொற்றுநோயைத்தான் சந்தேகப்படணும்" என்றார்.

ரத்தப் பரிசோதனையில் புருசெல்லோசிஸ் என்று வந்தது. மனிதருக்கும் தொற்றும் நோய் அது. வீசிய குட்டிகளையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் எடுத்துப் போட்டவள் என் மனைவி. அவளுக்கும் ரத்தம் சோதித்து, நோயில்லை என்று தெரியும்வரை எனக்கு உறக்கமில்லை.

ஓர் ஆடு குட்டி வீசினாலே தனியே கட்டுங்கள். கையுறை போட்டு, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். உடனே ரத்தம் சோதியுங்கள்.

பரிசோதிக்காமல் நான் விற்ற கிடா, இப்போது யார் பட்டியில் நிற்கிறதோ!