'வா' என்னும் பகுதி

ஹெப்பகோடிக்குக் குடிவந்த புதிதில், வீட்டு உரிமையாளரின் பேத்தியைக் கன்னடத்தில் அழைக்க முயன்றேன். 'வருகிறாள்' எனப் பொருள்படும் 'பருத்தாளெ'யிலிருந்து 'பரு'வைப் பிரித்து, அதையே ஏவலாக்கினேன். குழந்தை சிரித்தாள்; வரவில்லை. "பா" என்று திருத்தினார் பாட்டி.

மொழியியல் முதுகலை படித்த எனக்கு நாணமாக இருந்தது. தமிழிலும் இதே மாற்றந்தானே! வருகிறாள், வந்தாள், வராதே எனக் குறிலாக நிற்பது ஏவலில் 'வா' என நெடிலாகிறது. தருகிறாள், 'தா' என்பதும் அவ்வாறே. உறங்குதலைக் குறிக்கும் ஸ்பானிய 'தோர்மிர்' ஏவலில் 'துவெர்மெ' ஆவதை மனப்பாடம் செய்த நான், இதைக் கவனித்ததே இல்லை.

நன்னூல் வழிவந்த பகுபத இலக்கணம் ஏவலையே பகுதியாக வைக்கிறது. 'வந்தாள்' என்பதில் 'வா' குறுகி 'வ' ஆனது விகாரம். நான் வினைமுற்றிலிருந்து ஏவலைத் தேடினேன். இலக்கணிகள் ஏவலிலிருந்தே தொடங்கினர். குழந்தையும் முதலில் கேட்பது அழைப்பைத்தானே?

மறுநாள் "பா" என்றேன். ஓடிவந்தாள்.