பாலாறு ஒற்றை ஆறல்ல!



அச்சரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்கு பஸ் ஏறுகிற எல்லோருக்கும் மாமண்டூர் பாலம் தெரியும். பல மாதங்களில் கீழே மணலும் நாணலும்தான். "பாலும் இல்லை, ஆறும் இல்லை, பாலாறாம்!" என்று யாராவது கிண்டல் அடிப்பார்கள். அந்தக் கிண்டலுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. நீளம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, மீதி 222 நம் தமிழ்நாட்டில். கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலில் சேர்கிறது. ஆனால் தலைப்பக்கத்துத் தண்ணீர் பேத்தமங்கலா போன்ற ஏரிகளில் நின்றுவிடும். நல்ல மழை பெய்து மிஞ்சினால்தான் கீழே வரும். அப்படியிருக்க, 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதே, எப்படி?

துணையாறுகளும் சேர்ந்து கைகொடுத்ததால்தான்! சித்தூர் பக்கமிருந்து வரும் பொன்னையாறு வாலாஜா அணைக்கட்டுக்கு மேலே சேர்கிறது. ஜவ்வாது மலையில் பிறந்த செய்யாறும், காஞ்சிபுரம் வழி வரும் வேகவதியும் திருமுக்கூடலில் கலக்கின்றன. மூன்று ஆறு கூடும் அந்த ஊர்க் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டில் மாணவர்களுக்கு விடுதியும், 15 படுக்கையோடு ஒரு ஆதுலர் சாலையும் இருந்ததாக வீரராசேந்திர சோழன் கல்வெட்டு சொல்கிறது.

ரஷ்யாவின் வோல்காவோடு காமா என்ற துணையாறு சேருமிடத்தில் காமாவில்தான் தண்ணீர் அதிகமாம். பேர் மட்டும் வோல்காவுக்கு! உலகம் முழுக்க இதே கதைதான் போலும்.

நம் பக்கத்துத் துணையாறு கிளியாறு. வந்தவாசி, உத்திரமேரூர் பக்கத்து மழைத் தண்ணீரை மதுராந்தகம் ஏரிக்குக் கொண்டு வரும். ஏரி நிரம்பினால் உபரி நீர் கிளியாறாகவே தொடர்ந்து ஓடிப் பாலாற்றில் சேரும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான் ஒருவன்தான். தாத்தா நீர்க்கட்டி. மதகு திறந்து வயல் வயலாகத் தண்ணீர் விட்டே காலம் கழித்தவர். கையெழுத்துக்குப் பெருவிரல்தான். சர்வே படிக்க ஆரம்பித்த பிறகு, அட்லஸைப் பார்த்துப் பாலாற்றுப் படம் ஒன்று வரைந்து சுவரில் ஒட்டினேன். "கிளியாறு எங்கடா ராசா?" என்றார். காட்டினேன். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, அதில் விழுகிற ஓடை, மடு, வரத்துக்கால் ஒவ்வொன்றாகப் பேர் சொன்னார். எந்த அட்லஸிலும் இல்லாத பேர்கள்! அவர் சொல்லச் சொல்ல பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். படமே மரம் மாதிரி கிளை விட்டுவிட்டது.

அதில் மூன்று கோடுகள் இப்போது மனைப்பிரிவுக்குள் இருக்கின்றன. தாத்தாவிடம் சொன்னேன். "ஓடை அடைஞ்சா ஏரி காயும். ஏரி காஞ்சா ஆத்துக்கு யார் தருவா?" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

நண்பர்களே! மாமண்டூர் பாலத்துக்குக் கீழே மணலாகக் கிடப்பது பாலாறு மட்டுமல்ல, நூறு ஓடைகளின் கணக்கு. நாளை நம்மில் பலர் ரோடு போடுவோம், மனை அளப்போம், கல்வெர்ட் கட்டுவோம். லெவல் எடுக்கும்போது குறுக்கே ஒரு சின்னப் பள்ளம் வந்தால், மேடாக்கிவிடலாம் என்று எழுதுவதற்கு முன், ஊரில் ஒரு பெரியவரைக் கூப்பிட்டு அதன் பேர் என்ன என்று கேட்போம். பேர் இருந்தால் அது பள்ளம் அல்ல, பாலாறு!